பாரா படையில் இருந்த தாத்தாவின் போர்க்கதையைப் பதிவு செய்வது எப்படி

வீட்டில் பாராசூட் படைக்காரர் ஒருவர் இருந்தால், அவர் கதையில் மூன்று வரி எல்லாருக்கும் மனப்பாடமாக இருக்கும். விமானக் கதவு திறந்தது, பச்சை விளக்கு எரிந்தது, குதித்தோம். அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன ஆனது என்று கேட்டால் மகனுக்கும் தெரியாது, பேத்திக்கும் தெரியாது. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அவரும் சொல்லியிருக்க மாட்டார். அந்த மூன்று வரியைச் சுற்றியுள்ள நாள்களை எப்படிக் கேட்டு வாங்குவது, வாங்கியதை எப்படிக் கெடாமல் வைப்பது என்பதை இங்கே சொல்கிறோம்.

சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் இந்த வேலை இரண்டு விதமாக வரும். ஒன்று, ஆள் இருக்கிறார். 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் இருபது வயதில் குதித்தவர் இப்போது எழுபதுகளின் நடுவில் இருப்பார். வேலூர், திருவண்ணாமலைப் பக்கமிருந்து பிள்ளைகள் இங்கே வேலைக்கு வந்து செங்காங்கிலோ ஜூரோங் வெஸ்ட்டிலோ வீடு வாங்கியிருப்பார்கள். அப்பா அவ்வப்போது வந்து தங்கிவிட்டுப் போவார். அந்த வருகைதான் உங்களுக்குக் கிடைக்கும் நேரம். இன்னொன்று, ஆள் போய்விட்டார். இரண்டாம் உலகப் போரில் இருந்த கொள்ளுத்தாத்தாவின் பதக்கமும் நாலு கடிதமும் பாட்டி சொன்ன கதையும்தான் மிச்சம். முதல் வகையைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டாவது வகை அடுத்த வருடமும் அதே பெட்டியில்தான் இருக்கும்.

எந்த வகையானாலும் ஒரு விதியை முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னது ஒரு தாளில் இருக்கட்டும், நீங்கள் தேடிக் கண்டுபிடித்தது இன்னொரு தாளில் இருக்கட்டும். இரண்டையும் கலந்து எழுதிவிட்டால் பத்து வருடம் கழித்து எது தாத்தாவின் வாய்ச்சொல், எது நீங்கள் இணையத்தில் படித்தது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

உட்காரும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

பாரா படையில் இருந்தார் என்பதால் போரில் பாராசூட்டில் குதித்தார் என்று ஆகாது. குடும்பக் கதைகளில் அடிக்கடி வருகிற பிழை இதுதான். இந்தியாவின் 50வது பாராசூட் பிரிகேட் 1941 அக்டோபரில் டெல்லியில் உருவானது. அந்த பிரிகேட் பெரிய அளவில் போரிட்ட இடம் மணிப்பூரின் சங்ஷாக். 1944 மார்ச் மூன்றாவது வாரத்தில் தொடங்கி 26ஆம் தேதி இரவு வரை நடந்த அந்தச் சண்டையில் 152, 153 ஆகிய இரண்டு பட்டாலியன்களும் தரையில் நின்ற காலாட்படையாகத்தான் போரிட்டன. யாரும் குதிக்கவில்லை. மேல்மண்ணுக்குக் கீழே பாறை இருந்ததால் ஆழமாகப் பதுங்குகுழி தோண்ட முடியவில்லை. குடிக்கத் தண்ணீர் இல்லை. விமானத்திலிருந்து போட்ட சாமான்களில் பெரும்பகுதி ஜப்பானியர் பக்கம் போய் விழுந்தது. கொள்ளுத்தாத்தா சங்ஷாக்கில் இருந்தார் என்றால், “எத்தனை அடியிலிருந்து குதித்தார்?” என்பது தவறான கேள்வி. “தண்ணீருக்கு என்ன செய்தார்?” என்பதுதான் சரியான கேள்வி.

அந்தப் போரில் இந்தியப் படை பெரிய அளவில் உண்மையாகவே வானிலிருந்து இறங்கியது 1945 மே 1 அன்று, ரங்கூன் ஆற்று முகத்துவாரத்தில் உள்ள எலிஃபண்ட் பாயிண்டில். இறங்கியது கூர்க்கா பாராசூட் பட்டாலியன். தமிழர் ஒருவர் அங்கே இருந்தார் என்று குடும்பத்தில் சொன்னால், மருத்துவம், பொறியியல், சிக்னல் போன்ற துணைப் பிரிவுகளில் தேடிப் பாருங்கள். தமிழ்ப் பெயர்கள் பொதுவாக அங்கேதான் கிடைக்கும். பாரா படையில் பெரும்பெயர் எடுத்த தமிழர் ஏ. ஜி. ரங்கராஜும் மருத்துவர்தான். 1941இல் இந்தியர்களிலேயே முதலில் குதித்தவர்களில் அவர் ஒருவர். பிறகு 60வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸுக்குத் தலைமை தாங்கிக் கொரியா போனார். 1951 மார்ச் 23 அன்று முன்சானில் அமெரிக்கப் பாரா படையோடு அவருடைய பிரிவின் சிறு குழுவும் குதித்தது. மகாவீர் சக்ரா பெற்றவர்.

1971க்கு வருவோம். டிசம்பர் 11 மாலையில் கிழக்குப் பாகிஸ்தானில் (இன்றைய வங்கதேசம்) டாங்காயில் என்ற ஊர்ப் பக்கம் இறங்கியது 2 பாராவும் அதோடு சேர்ந்த பீரங்கி, பொறியியல், மருத்துவப் பிரிவுகளும். பூங்லி பாலத்தைப் பிடிப்பது அவர்கள் வேலை. அதாவது ஒரு பட்டாலியன் குழு. அந்தச் சமயத்துச் செய்திகளில் 5,000 பேர் இறங்கினார்கள் என்ற அளவுக்குப் பேச்சு போனது. தாத்தா “ஆயிரம் பேர்கூட இல்லப்பா” என்று சொல்லி, பழைய பத்திரிகை வேறு விதமாகச் சொன்னால், தாத்தாவைத் திருத்தாதீர்கள். இன்னொன்று, 1987 அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இந்திய அமைதிப்படையின் பாரா கமாண்டோக்கள் இறங்கியது ஹெலிகாப்டரில். அதைப் பாராசூட் குதிப்பு என்று எழுதிவிடக் கூடாது. அந்த நடவடிக்கையில் இருந்தவரின் கதையைக் கேட்கும்போது அறையில் யார் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். யாழ்ப்பாணத்து உறவினர் பக்கத்தில் இருந்தால் கதை சொல்பவர் பாதியை விழுங்கிவிடுவார். தனியாகக் கேளுங்கள்.

நேரக் கணக்கும் குழப்பும். 1971இல் கிழக்குப் பாகிஸ்தான் கடிகாரம் இந்தியக் கடிகாரத்துக்கு அரை மணி முன்னால் இருந்தது. சிங்கப்பூர் அப்போது இந்தியாவுக்கு இரண்டு மணி நேரம்தான் முன்னால். 1982 தொடக்கத்தில்தான் இப்போதுள்ள இரண்டரை மணி வந்தது. “ராத்திரி ஒம்பது மணி ரேடியோவுல கேட்டோம்” என்று இங்குள்ள பெரியம்மா சொன்னால், எந்த ஊர் ஒன்பது மணி என்று குறித்துவைக்க வேண்டும்.

குதிப்பைத் துண்டு துண்டாகக் கேட்பது

ஆயிரம் அடி உயரத்தில் குதித்தவர் தரையைத் தொட ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தை “எப்படி இருந்துச்சு தாத்தா?” என்று மொத்தமாகக் கேட்டால் “பயமாத்தான் இருந்துச்சு” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். கையையும் காலையும் முதுகையும் பற்றிக் கேளுங்கள். உடம்பு மறக்காது.

விமானத்தில் ஏறும் முன்னிருந்து தொடங்குங்கள். பாராசூட்டை மாட்டிவிட்டது யார்? பட்டை எங்கே இறுக்கியது? விமானம் எது? இது முக்கியம். டகோட்டாவில் கதவு இடப்பக்கம் ஒன்றுதான், எல்லாரும் வரிசையாக அதை நோக்கித்தான் நகர வேண்டும். பாக்கெட் என்று அவர்கள் சொல்லும் சி-119இல் பின்பக்கம் இரு கதவு. எந்த விமானம் என்று தெரிந்தால்தான் “உங்களுக்கு முன்னாடி யாரு, பின்னாடி யாரு?” என்று சரியாகக் கேட்க முடியும். அந்தக் கேள்வியில்தான் பெயர்கள் வரும். ஐம்பது வருடம் யாரிடமும் சொல்லாத பெயர்கள் அவை. அவர் சொல்லும்போது அவசரப்படாதீர்கள்.

பிறகு கதவு. “கதவுகிட்ட நிக்கும்போது உங்க ரெண்டு கையும் எங்க இருந்துச்சு?” இதைக் கேட்டால் பலர் எழுந்து நின்று காட்டிவிடுவார்கள். அதற்காகவே வீடியோவும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பாராசூட்டைத் திறக்கும் கயிறு விமானத்துக்குள் ஓடும் கம்பியில் கொக்கி போட்டு மாட்டப்பட்டிருக்கும். குதித்தவுடன் ஆளின் எடையே அதை இழுத்துக் குடையை வெளியே எடுத்துவிடும். தானாக எதையும் இழுக்கத் தேவையில்லை. சினிமா பார்த்து வளர்ந்த பேரன் “நீங்க எப்ப கயிறை இழுத்தீங்க?” என்று கேட்டால் தாத்தா அந்த இடத்திலேயே சோர்ந்துபோவார். இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு செய்துவிட்டால் அப்புறம் மேலோட்டமாகத்தான் சொல்வார்.

வெளியே வந்த பிறகு காற்றடி, குடை விரியும் வெட்டு, அடுத்து நிசப்தம். “சத்தம் எப்ப நின்னுச்சு?” என்று கேளுங்கள். அந்த அமைதியை எல்லாரும் நினைவில் வைத்திருப்பார்கள். கயிறுகள் முறுக்கிக்கொண்டனவா, காலை உதைத்து அவிழ்த்தாரா, மூட்டையைக் கயிற்றில் கீழே இறக்கினாரா, கீழே பார்த்தபோது தண்ணீர் தெரிந்ததா வயல் தெரிந்ததா, இரண்டு பாதமும் முட்டியும் சேர்த்து வைத்தாரா, எந்தப் பக்கம் உருண்டார். கணுக்காலோ இடுப்போ இன்றைக்கும் வலிக்கிறது என்றால் அது எந்தக் குதிப்பில் வந்தது என்று இங்கே கேட்டால்தான் பதில் வரும்.

தரையில் இறங்கியதும் பலர் சொல்வது, “ஒருத்தரையும் காணோம்.” இது மிகைப்படுத்தல் இல்லை. விமானம் நொடிக்கு 50 மீட்டர் பறக்கிறது, நொடிக்கு ஓர் ஆள் குதிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபதாவது ஆள் முதல் ஆளிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி விழுவார். டிசம்பர் மாத மாலையில் இருட்டவும் ஆரம்பித்துவிடும். கூடும் இடத்துக்கு எப்படி வழி கண்டுபிடித்தார், வழியில் முதலில் பார்த்த மனிதர் யார், ஊர்க்காரரா தன் ஆளா, என்ன மொழியில் பேசினார்? வேலூர்க்காரர் வங்காள விவசாயியிடம் இருட்டில் என்ன பேசியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். கதையின் நடுப்பகுதி அங்கேதான் இருக்கிறது.

கடைசியாகச் சோறு. முதல் சாப்பாடு எப்போது, என்ன, யார் கொடுத்தது, எங்கே தூங்கினார், காலணியைக் கழற்றினாரா. சண்டையைப் பற்றி நேராகக் கேட்டால் மூடிக்கொள்பவர்கள்கூடச் சாப்பாட்டு வழியாகத் தாங்களே அங்கே போய்ச் சேருவார்கள்.

கேட்கக் கூடாதது

“எத்தனை பேரச் சுட்டீங்க?” என்று யாரும் கேட்க வேண்டாம், குழந்தைகள் உட்பட. குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஒரு நண்பரின் பெயரில் குரல் நின்றால் தண்ணீர் கொடுங்கள், கேள்வி கொடுக்காதீர்கள். பத்து நொடி, இருபது நொடி மௌனம் பதிவில் இருக்கட்டும். அவரே தொடங்கினால் கேளுங்கள். தொடங்காவிட்டால் பயிற்சிக் காலத்துக்குத் திருப்புங்கள்: “ஆக்ராவுல முதல் குதிப்பு எப்படி?” ஆக்ராவில் ஐந்து குதிப்பு முடித்தால்தான் சிறகுச் சின்னம், அதில் ஒன்று இரவில். அந்தப் பேச்சு யாருக்கும் முகத்தைத் தெளிய வைக்கும்.

இரவில் பதிவு செய்யாதீர்கள். கிளறிய நினைவோடு படுக்கப் போனால் தூக்கம் கெடும். பதிவுக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சத்தத்துக்குத் திடுக்கிடுகிறார் என்றால் நிறுத்திவிட்டுப் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பார்க்க வைக்க வேண்டும். கதை பாதியில் நிற்பது பரவாயில்லை.

சிங்கப்பூர்ப் படையில் கமாண்டோவாக இருந்த மாமாவிடமும் இதையெல்லாம் கேட்கலாமே என்று தோன்றும். பயிற்சி, சாப்பாடு, நட்பு வரை கேளுங்கள். பணி விவரங்களுக்கு அரசாங்க ரகசியச் சட்டம் உண்டு, அவர் சொல்ல மாட்டார், வற்புறுத்தவும் கூடாது.

யார் கேட்பது என்பதையும் முடிவு செய்யுங்கள். தமிழ் சரளமாகப் பேசும் பெரியவர் ஒருவர் கேட்கட்டும், மருமகளாக இருந்தால் இன்னும் நல்லது. மகனிடம் சொல்லத் தயங்குவதை மருமகளிடம் சொல்பவர்கள் உண்டு. என்எஸ் (தேசிய சேவை) முடித்த பேரன் பக்கத்தில் உட்கார்ந்தால் மூட்டையின் எடை, கால் கொப்புளம், காவல் முறை என்று அவனுக்கே தோன்றும் கேள்விகள் கிடைக்கும். இரண்டு பேருக்கு மேல் வேண்டாம்.

வீவக வீட்டில் ஒலிப்பதிவு

கூடத்தில் பதிவு செய்யாதீர்கள். பளிங்குத் தரையும் வெறும் சுவரும் குரலை எதிரொலிக்கும். படுக்கையறைதான் சரி. மெத்தை, திரைச்சீலை, துணி அலமாரி எல்லாம் எதிரொலியை உறிஞ்சும். மின்விசிறி ஓடினால் பதிவு முழுக்க ஒரு தடதடப்பு கேட்கும், பின்னால் எடுக்கவே முடியாது. அதனால் அரை மணி முன்பே குளிர்சாதனத்தைப் போட்டு அறையைக் குளிர்வித்து, பதிவு தொடங்கும்போது அதையும் விசிறியையும் அணைத்துவிடுங்கள். புல் வெட்டும் நாள், மேல்வீட்டில் துளைபோடும் நாள் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். விடியற்காலைக் குயிலும் விடாது. காலைப் பசியாறிய பிறகு, ஒன்பதரை மணிக்கு மேல், நாற்பது அல்லது ஐம்பது நிமிடம் போதும். வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம்.

சட்டைப் பித்தானுக்குப் பக்கத்தில் மாட்டும் சிறு மைக், வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில். கழுத்தில் சங்கிலியோ சாமி டாலரோ இருந்தால் மைக்கில் உரசும், மறுபக்கம் மாட்டுங்கள். தொலைபேசியை விமான நிலையில் வைத்துவிட்டுப் பதிவு செயலியில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு, ஒற்றைத் தடம் என்று வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 520 மெகாபைட் பிடிக்கும். மீட்டர் உச்சத்தில் மைனஸ் 12 டெசிபல் சுற்றி நிற்கட்டும். பட்டாளத்துக்காரர் திடீரென்று கட்டளைக் குரலில் கத்திக் காட்டுவார், அப்போது ஒலி கிழியாமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும். காது கேட்கும் கருவி போட்டிருந்தால் கூவல் வருகிறதா என்று ஒரு நிமிடம் சோதித்துக் கேளுங்கள். இரண்டாவது தொலைபேசியில் வீடியோ ஓடட்டும். தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டினால் பின்னால் ஒலியையும் படத்தையும் பொருத்த வசதி.

தொடக்கத்தில் நீங்கள் சொல்ல வேண்டியது தேதி, இடம், இருப்பவர்கள் பெயர், அவ்வளவுதான்.

அவர் இந்தியாவிலேயே இருந்தால் வீடியோ அழைப்பைப் பதிவு செய்து திருப்திப்படாதீர்கள், ஒலி நசுங்கி வரும். நீங்கள் அழைப்பில் கேளுங்கள், அங்கே ஒருவர் இன்னொரு தொலைபேசியை அவர் பக்கத்தில் வைத்துத் தனியாகப் பதிவு செய்து முழுக் கோப்பையும் அனுப்பட்டும். அங்கே காலை பத்து மணி என்றால் இங்கே பன்னிரண்டரை.

அன்றைக்கே மூன்று நகல்: கணினியில் ஒன்று, தனி வட்டில் ஒன்று, வேறு வீட்டிலோ மேகச் சேமிப்பிலோ ஒன்று. கோப்புப் பெயர் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்ணாகத் தொடங்கட்டும்.

கடிதம், படம், பதக்கம்

ஆள் போய்விட்ட குடும்பங்களுக்கு இதுதான் முழு வேலை. பெட்டியைத் திறந்ததும் அடுக்கை மாற்றாதீர்கள். முதலில் இருந்தபடியே ஒரு படம் எடுங்கள். எந்தக் கடிதம் எந்தப் புகைப்படத்தோடு சேர்ந்திருந்தது என்பதுகூடத் தகவல்.

நீல நிற இன்லண்ட் கடிதத்தை எடுத்துக்கொள்வோம். உலர்ந்த கையால் மேசையில் வெள்ளைத் தாள் விரித்து மெதுவாகப் பிரியுங்கள். மடிப்பு முறியும் நிலையில் இருந்தால் முழுதாகத் தட்டையாக்க வேண்டாம், விரிகிற வரைக்கும் போதும். ஸ்கேனரில் 400 டிபிஐ, வண்ணத்தில். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் முத்திரையின் மங்கிய மை போய்விடும். உள்பக்கம், வெளிப்பக்கம், ஒட்டும் மடிப்பு என எல்லாம் வேண்டும், ஏனென்றால் இடம் தீர்ந்ததும் கடைசி இரண்டு வரியை அந்த மடிப்பில்தான் பக்கவாட்டில் எழுதியிருப்பார்கள். புகைப்படங்களுக்கு 600 டிபிஐ, பின்பக்கமும் சேர்த்து. ஸ்கேனர் இல்லாவிட்டால் சன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து தொலைபேசியில் எடுக்கலாம்.

முகவரியைப் பாருங்கள். 56 ஏபிஓ என்றால் டெல்லி வழியாகவும் 99 ஏபிஓ என்றால் கொல்கத்தா வழியாகவும் போகும் ராணுவ அஞ்சல். படை எந்த ஊரில் இருந்தது என்று அது சொல்லாது, ஆனால் 99 என்றால் கிழக்குப் பக்கம் என்று ஒரு துப்பு. போர்க்காலக் கடிதத்தில் சண்டை இருக்காது. தணிக்கை ஒன்று, அம்மா பயப்படுவாள் என்பது இன்னொன்று. “நான் நலம். மழை. பணம் அனுப்பியது வந்ததா” என்று மட்டும் இருந்தால் ஏமாறாதீர்கள். தேதியையும் முத்திரையையும் போர் நாள்களோடு வைத்துப் பாருங்கள். இரண்டு கடிதங்களுக்கு நடுவில் வழக்கத்துக்கு மாறாக ஐந்து வாரம் இடைவெளி என்றால் அந்த இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். கையெழுத்து மாறியிருந்தால் வேறொருவரிடம் சொல்லி எழுதியிருக்கலாம், கையில் காயமா என்று குடும்பத்தில் கேளுங்கள்.

பதக்கத்தைத் தேய்க்காதீர்கள், பளபளப்புக்காகப் பூச்சு போடாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் இந்திய வீரர்களுக்குக் கொடுத்த நட்சத்திரப் பதக்கங்களின் பின்பக்கத்தில் எண், பதவி, பெயர், பிரிவு பொறித்திருக்கும். மற்றப் பதக்கங்களில் விளிம்பில் இருக்கும். அந்தப் படையெண்தான் எல்லாத் தேடலுக்கும் சாவி, தேய்த்தால் போய்விடும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மங்கிய எழுத்தும் தெரியும். கதையைச் சரிபார்க்கவும் பதக்கம் உதவும். 1971இல் கிழக்குமுனையில் இருந்தவருக்குப் பூர்வி ஸ்டார், மேற்கில் இருந்தவருக்குப் பஷ்சிமி ஸ்டார். டாங்காயில் கதை சொல்பவரிடம் பஷ்சிமி ஸ்டார் மட்டும் இருந்தால் அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. நண்பர் சொன்னது நாளடைவில் தன் நினைவாகக் கலந்திருக்கலாம், பதக்கமே அண்ணனுடையதாகவும் இருக்கலாம். உங்கள் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், சபையில் கேட்காதீர்கள்.

பணிப் பதிவு வேண்டுமானால் ஓய்வுபெற்றபோது கொடுத்த பணிப் புத்தகத்தில் எந்த ஆவண அலுவலகம் என்று இருக்கும். பாராசூட் ரெஜிமெண்ட் மையமும் மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படையின் மையமும் பெங்களூரில் உள்ளன. இறந்தவரைத் தேடிக் கிராஞ்சிப் போர் நினைவகத்துக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். அங்கே தூண்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு. அவை பெரும்பாலும் மலாயா, சிங்கப்பூர், சுற்றுவட்டாரத்தில் இறந்து கல்லறை இல்லாதவர்களுடையவை. பர்மா முனையில் அப்படிப் போன இந்திய வீரர்களின் பெயர்கள் பெரும்பாலும் தாவுக்யானில் உள்ள ரங்கூன் நினைவகத்தில் இருக்கும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் முனுசாமி, முனிசாமி, முனுஸ்வாமி என்று எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். ஒரே பெயரில் பலர் வருவார்கள், தகப்பனார் பெயரும் ஊரும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்த ஊர்க் குடும்பங்களில் இன்னொரு சிக்கல் வரும். அம்மா வழித் தாத்தா இங்கிருந்து ஐஎன்ஏவில் (இந்திய தேசிய ராணுவம்) சேர்ந்து இம்பால் பக்கம் நடந்திருப்பார். அப்பா வழித் தாத்தா அதே 1944இல் பிரிட்டிஷ் இந்தியப் படையில் எதிர்ப்பக்கம் நின்றிருப்பார். இரண்டையும் ஒரே கோப்பில் போட்டுச் சமாதானம் செய்யப் பார்க்காதீர்கள். தனித்தனிப் பெட்டி, தனித்தனிப் பெயர்.

நம்மூர் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்துக்கு மேல். சாதாரண அலமாரியில் தாள் பூசணம் பிடிக்கும், வெள்ளிப்பூச்சி அரிக்கும். கேமரா வைக்கும் உலர்பெட்டி ஒன்று வாங்கி 45 முதல் 50 சதவீதத்தில் வையுங்கள். அமிலமில்லாத தாளுறை போதும். லேமினேட் செய்வது, பசைநாடா ஒட்டுவது, நாப்தலின் உருண்டை போடுவது மூன்றும் வேண்டாம்.

எழுத்தில் ஏற்றுவது

ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஆகும். தானாக எழுதும் செயலியை முதல் வரைவுக்குப் பயன்படுத்தலாம், ஆனால் பட்டாளத் தமிழ் அதற்குப் பிடிபடாது. ஆக்ரா பக்கத்துக் குதிப்பு மைதானமான மல்புராவை அது மலப்புரம் ஆக்கிவிடலாம். ஹவில்தார், நாயக், லங்கர், பிட்டு (முதுகுப்பை), ஸ்டிக் (ஒரே வரிசையில் குதிக்கும் குழு) என்று அவர் சொன்ன சொல்லை அப்படியே வையுங்கள். “சமையற்கூடம்” என்று திருத்தினால் லங்கர் போய்விடும், லங்கரோடு அதன் வாசனையும் போய்விடும். விளக்கம் வேண்டுமானால் உங்கள் தாளில் ஓர் அருஞ்சொல் பட்டியல் போடுங்கள். வட்டார வழக்கும் அப்படித்தான். மௌனத்தையும் சைகையையும் சதுர அடைப்பில் குறியுங்கள். எழுதியது இப்படி இருக்கும்:

பச்ச லைட்டு போட்டான். அவ்ளோதான். [மௌனம், 9 நொடி] அப்பால கீழ வயலு. தண்ணி நின்ன வயலு. [வலது கணுக்காலைத் தொடுகிறார்]

அதைக் கோத்து அழகான பத்தியாக்கும் ஆசை வரும். வேறொரு கோப்பில் செய்துகொள்ளுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள்.

யார் கேட்கலாம், எப்போது கேட்கலாம் என்று அவரிடமே எழுத்தில் வாங்குங்கள். ஒரு பக்கம் போதும்: குடும்பத்துக்கு மட்டுமா, வெளியிலும் தரலாமா, இறந்த நண்பர்களின் பெயரை வைக்கலாமா, எந்தப் பகுதியை அவர் காலத்துக்குப் பிறகுதான் திறக்க வேண்டும். வெளியில் தர ஒப்பினால் தேசிய ஆவணக் காப்பகத்தில் 1979 முதல் இயங்கும் வாய்மொழி வரலாற்று மையத்தையும், கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தையும் கேட்டுப் பார்க்கலாம். சிங்கப்பூரோடு கதைக்கு என்ன தொடர்பு என்று முதல் வரியிலேயே எழுதி அனுப்புங்கள்.

கடைசி வேலை, எழுதியதைப் பெரிய எழுத்தில், 18 புள்ளியில், வரிக்கு வரி இடைவெளி விட்டு அச்செடுத்து அவர் கையில் சிவப்புப் பேனாவோடு கொடுப்பது. கண் சரியில்லை என்றால் வாசித்துக் காட்டுங்கள், அந்த வாசிப்பையும் பதிவு செய்யுங்கள். “அது அவன் இல்ல, அவன் அண்ணன்” என்று திருத்தம் வரும்போதுதான் விட்டுப்போன பாதிக் கதை வெளியே வரும். அவர் அடித்த வரியை எல்லா நகலிலும் எடுத்துவிடுங்கள். சேர்த்ததை அவர் கையெழுத்திலேயே ஸ்கேன் செய்து, தேதி போட்டு, மூலக் கோப்புக்குப் பக்கத்தில் வையுங்கள்.